நாலாம் நம்பர் வேனின் பிரேக்

தொழிற்சாலையின் வண்டி ஷெட்டில் அவருக்கு இரண்டு பெயர். வயதில் சின்னவர்கள் பிரேக் அண்ணன் என்பார்கள். சமவயதுக்காரர்கள் வெறுமனே பிரேக் என்பார்கள். "பிரேக் வந்துட்டார், இனிமே எல்லாம் நின்னுடும்" என்று அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் முப்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது. அவரும் முப்பது வருடமாக அதை அன்றைக்குத்தான் கேட்டவர் போல உதட்டோரம் சிரித்துவைப்பார்.

தொழிற்சாலை மேட்டில் இருந்தது. ஆட்கள் குடியிருந்தது கீழே. நடுவில் ஏழு வளைவுகள் உள்ள சாலை. ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்க ஆறு வேன்கள் இருந்தன. ஆறுக்கும் மெக்கானிக் பலர் உண்டு. ஆனால் பிரேக் என்று வந்துவிட்டால் அவரைத் தவிர வேறு யார் கையும் படக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

மற்றவர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள், சக்கரத்துக்கு அடியில் படுத்துப் பார்ப்பார்கள். அவர் முதலில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பெடலை மிதிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். மிதித்த கால் நிற்காமல் மெல்ல மெல்ல அடிக்குப் போய்க்கொண்டே இருந்தால், எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் போய்விட்டது. முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் பெடல் மேலே ஏறி வந்தால், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் பட்டை தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டது. நனைந்த பஞ்சை மிதிப்பது போல பொசுபொசுவென்று இருந்தால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. காற்று எப்படிப் புகுந்தது என்பதைத்தான் அதன்பிறகு தேட வேண்டும். பானட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி நோயைச் சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை.

பிரேக் ஆயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "அதுக்குத் தாகம் ஜாஸ்தி" என்பார். "காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். மூடியைத் திறந்து வச்ச டின்னு ஒரு மழைக்காலம் தாண்டிச்சுன்னா அதைத் தூக்கி எறிஞ்சிடணும். பார்க்க எண்ணெய் மாதிரிதான் இருக்கும். இறக்கத்துல மிதிச்சு மிதிச்சு சூடேறினா உள்ளே இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். ஆவியை எவ்வளவு அமுக்கினாலும் அமுங்கிக்கிட்டே போகும். பெடல் நேரா தரையில போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் வண்டி சூடு ஆறினதும் ஆவி திரும்பத் தண்ணியாயிடும், பெடலும் ஒண்ணுமே நடக்காத மாதிரி மேல வந்து நிக்கும். திருட்டுப் பய வேலை." ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்று ஷெட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தவரும் அவர்தான்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத குறையைத் தங்கை தீர்த்துவைத்தாள். பெற்றவர்கள் போனபோது தங்கைக்குப் பதினோரு வயது. அவளுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். வாரிய தலை எப்போதும் ஒரு பக்கம் கோணலாக இருந்ததாக அவள் இன்றைக்கும், இல்லை, அன்றைக்கு வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, அவள் கணவனுக்கு நாலாம் நம்பர் வேனில் டிரைவர் வேலையும் சொல்லி வாங்கிக்கொடுத்தார். அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதால் ஷெட் மொத்தமும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. "கடைசியில நம்ம எல்லாருக்கும் இவர் மாப்பிள்ளை. இவரை எப்படிய்யா நான் வேலை வாங்கறது?" என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொள்வார். மாப்பிள்ளை அதிகம் பேசாதவன். வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பான். வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் எவனும் திரும்பக்கூடாது என்று மற்ற டிரைவர்களிடம் சண்டை போடுவான். அதுதான் அவன் போட்ட ஒரே சண்டை.

அந்த வருடம் மழை நிற்காமல் பெய்தது. ஒரு நாள் விடிந்ததும் மாப்பிள்ளை வந்து சொன்னான்.

"மச்சான், நம்ம வண்டி பெடல் சரியில்ல. பொசுக்னு உள்ள போகுது. ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குது."

அவர் ஏறி மிதித்துப் பார்த்தார். கண்ணை மூடினார். "காத்து" என்றார். ஆயில் தொட்டியைத் திறந்தால் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இறங்கியது எங்கேயோ கசிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் பார்த்தார். பின்பக்கம் இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்து, எண்ணெய் லைனிங் வரைக்கும் ஒழுகியிருந்தது. கப்பை மாற்றினார், லைனிங்கையும் மாற்றினார். இனி காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஸ்டோரில் கேட்டால் பிரேக் ஆயில் புது டின் இல்லை. சொல்லியனுப்பியிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். அலமாரியின் மேல்தட்டில் ஒரு டின் இருந்தது. மழைக்கு முன்பே திறந்தது. மூடி அரைத் திருகில் நின்றது. அந்த மூலையில்தான் கூரை ஒழுகும்.

அவர் அந்த டின்னைக் கையில் எடுத்து மூடியை இறுக்கித் திருகினார்.

சூப்பர்வைசர் குடையோடு வந்தார். "என்ன பிரேக், முடிஞ்சுதா? ஏற்கனவே ஒரு வேன் கியர்பாக்ஸ் போய்ப் படுத்திருக்கு. கீழே ஜனங்க மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது. மேலிடத்துல இருந்து எனக்கு போன் மேல போன்."

"ஆயில் இல்ல சார்."

"கையில வச்சிருக்கிறது என்னது?"

"இது பழசு."

"பழசுன்னா? ஊத்தினா வண்டி நிக்குமா நிக்காதா?"

நிற்கும். அதுதான் உண்மை. இன்றைக்கு நிற்கும், நாளைக்கும் நிற்கும். புது டின் வந்ததும் வடித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம், ஒரு வாரம்தானே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளையை சீட்டில் உட்காரவைத்து, அவர் சக்கரத்தடியில் படுத்தார். காற்று வெளியேறும் நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டார்.

"மிதிங்க மாப்ள. இன்னொண்ணு. இன்னொண்ணு. பிடிச்சுக்கோங்க."

நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துவார். குழாயில் எண்ணெயும் குமிழும் கலந்து ஓடும். இறுக்குவார். "விடுங்க." மறுபடி "மிதிங்க." தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்துச் சக்கரத்தில் முடித்தார். நடுநடுவே எழுந்துபோய்த் தொட்டியில் எண்ணெய் வற்றாமல் ஊற்றினார். குமிழ் நின்றது. மாப்பிள்ளை மேலேயிருந்து சொன்னான்.

"கல் மாதிரி ஆயிடுச்சு மச்சான்!"

புது டின்கள் ஒன்பதாம் நாள் வந்தன. அன்றைக்கு நாலாம் நம்பர் வேனை ஷெட்டில் நிறுத்திவைக்க முடியவில்லை, ஆட்கள் அதிகம். அடுத்த வாரம் ரெண்டாம் நம்பருக்குக் கிளட்ச் போயிற்று. அதற்கடுத்த வாரம் அவருக்கே காய்ச்சல். அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் நாலாம் நம்பர் வெளியே போகும்போது ஞாபகம் வரும். தினமும் மாப்பிள்ளையிடம் கேட்பார்: "பெடல் எப்படி?" "கல்லு" என்று அவனும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போடத் தைரியம் வந்துவிடும்.

ஆறாவது வாரம், பகல் ஷிப்டு முடிந்து ஆட்களை இறக்கும் சவாரி. வேனில் பன்னிரண்டு பேர். முதல் வளைவிலிருந்தே முன்னால் பாரம் ஏற்றிய ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. மாப்பிள்ளை மிதித்துக்கொண்டே, விட்டு விட்டு மிதித்துக்கொண்டே, அதன் பின்னால் இறங்கினான். நாலாவது வளைவில் கருகல் வாடை வந்ததாக உள்ளே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஐந்தாவது வளைவில் பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. அவன் மறுபடி மறுபடி மிதித்தான், கியரைக் குறைத்தான், கைப்பிரேக்கை இழுத்தான். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் வெட்டிய பாறை, நேர் எதிரில் லாரி. வண்டியை வலப்பக்கம் ஒடித்துப் பாறையில் உரசிப் போய் மோதினான்.

பதினொரு பேருக்குக் காயம். டிரைவருக்குப் பின்னால், பாறைப் பக்கம் இருந்த ஒற்றை சீட்டில் பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டுகிற ஓர் அக்கா உட்கார்ந்திருந்தாள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்று எப்போதும் அந்த இடத்தைக் கேட்டு வாங்கி உட்காருவாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். வலது பக்கம் நசுங்கி, கதவு உள்ளே குழிந்து, கண்ணாடித் தூள் சீட்டெல்லாம் கிடந்தது. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். அவர் மட்டும் நின்றார். இடது பக்கமாக உள்ளே ஊர்ந்துபோய்க் கையாலேயே பெடலை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

சூடு ஆறி, ஆவி திரும்பத் தண்ணீராகியிருந்தது. பெடல் மெத்தென்று இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டார். தொட்டியின் மூடியைத் திறந்தார். எண்ணெய் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது.

"நாளன்னைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாராம்" என்று சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. எண்ணெயை மாற்று என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அவராகவே நாலு நிப்பிளையும் திறந்து, பழைய எண்ணெயை முழுக்க வடித்து, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் ஊற்றினார். புது டின்னை உடைத்து ஊற்றினார். தனி ஆளாக, பெடலுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சக்கரமாகக் காற்றெடுத்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அந்த வேலையை அவர் செய்ததில்லை.

இன்ஸ்பெக்டர் சாதுவான மனிதர். சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார், பெடலைப் பலமுறை அமுக்கினார், தொட்டியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"ஆயில் ரொம்பப் புதுசா இருக்கே?"

சூப்பர்வைசர்தான் முந்திக்கொண்டார். "இவர் கை பட்ட வண்டி அப்படித்தான் சார் இருக்கும். இந்த வட்டாரத்துலயே பிரேக்குக்கு இவரை மிஞ்ச ஆளில்ல. சுவத்துல பாருங்க, அவரே எழுதி வச்சிருக்கார்."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். "ஆறு வாரத்துக்கு முன்னாடி கப் மாத்தினதா பதிவு இருக்கு. அப்பவே ஆயிலும் மாத்தினதா?"

"ஆமா" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்தான் அவர் சொன்னது. பிரேக் அமைப்பு சீராக இருந்தது, கசிவு இல்லை, காற்று இல்லை, எண்ணெய் நல்ல நிலையில் உள்ளது என்று அறிக்கை எழுதப்பட்டது. அப்படியென்றால் தப்பு ஓட்டியவனுடையது.

மாப்பிள்ளை தலையில் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்: "பெடல் உள்ள போயிடுச்சு. சத்தியமா உள்ள போயிடுச்சு." அறிக்கை வந்தபிறகு சொல்வதைக் குறைத்துக்கொண்டான். அவனுக்காக வாதாட வந்த வக்கீல், பதற்றத்தில் கால் தவறி கிளட்சை மிதித்துவிட்டதாக ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்றார். வழக்குக்காகத்தான் அவன் முதலில் அப்படிச் சொன்னான். லைசென்ஸ் போயிற்று. எட்டு மாதம் சிறை.

அவர் மாதம் ரெண்டு தடவை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போகும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் வந்து உட்கார்ந்ததும், சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் அவன் சொன்னான்.

"மச்சான், ராத்திரி பூரா யோசிச்சேன். நான் மிதிச்சது கிளட்சாத்தான் இருக்கும்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"பின்ன? நீங்க பார்த்த பிரேக். அது எப்படிப் போகும்?"

அவர் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து, பஸ் வந்தும் ஏறாமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்தார்.

விஷயம் அவர் மனைவிக்குத் தெரியும். வண்டி வந்த அடுத்த நாளே, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்துக் கேட்டு வாங்கிவிட்டாள். கேட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு, "சொன்னா உங்களை உள்ள வைப்பாங்க. போனவ எழுந்து வருவாளா?" என்றாள். அடுத்த சில மாதங்களில் அவளே வேறு மாதிரி பேச ஆரம்பித்தாள். தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒரு நாள் பாத்திரத்தைத் தடாலென்று வைத்தாள். "சொல்லித் தொலைச்சிடுங்க. உங்களைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

மாப்பிள்ளை விடுதலையாகி வந்தான். பார்சல் கட்டும் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. உட்கார்ந்தே செய்யும் வேலை. பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரமாட்டான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலது கால் தரையை ஓங்கி ஓங்கி மிதிக்கும். மிதித்துவிட்டு அவனே அந்தக் காலை, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்ப்பான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தான். தங்கை அடுப்படியில் இருந்தாள். அவர் உட்காராமல் நின்றபடியே சொன்னார். எங்கே நிறுத்தினாலும் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னார். ஸ்டோரில் டின் இல்லாதது, பழைய டின், தள்ளிப்போட்ட ஐந்து வாரம், தேநீர் நிறத்து எண்ணெய், சாக்கடை, இன்ஸ்பெக்டரிடம் சொன்ன ஆமா, எல்லாம்.

மாப்பிள்ளை ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். அவன் முகத்தில் கோபம் வரும், அடிக்கட்டும், கழுத்தைப் பிடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அவன் கண் கலங்கியது.

"என் மேல இவ்வளவு பாசமா மச்சான் உங்களுக்கு?"

"பாசமில்ல மாப்ள. நடந்ததைச் சொல்றேன்."

"எனக்குப் புரியுது. நான் இப்படி உட்கார்ந்திருக்கிறது உங்களுக்குத் தாங்கல. அதுக்காக இப்படி ஒரு பழியை இழுத்துத் தலையில போட்டுக்குவீங்களா? உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியாதா? தினமும் காலையில பெடல் எப்படின்னு கேட்டவர் நீங்க."

"கேட்டதே பயத்துலதான்!"

"வேணாம் மச்சான்." அவன் குரல் கெஞ்சியது. "கால் தவறினது நான்தான்னு ஒத்துக்கிட்டப்புறம்தான் கொஞ்சம் தூக்கம் வருது. அதைக் கிளறாதீங்க. அன்னைக்கு பெடலை மிதிச்சது எனக்கு இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. இடது கால். கிளட்சு."

அவனுக்கு அது உண்மையாகவே ஞாபகம் இருந்தது. நடக்காத ஒன்றை எட்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு நொடியாக அவன் ஞாபகப்படுத்தி வைத்திருந்தான். அதை இனி யாராலும் வடித்து ஊற்ற முடியாது என்று அவருக்கு விளங்கியது.

வாசல் வரைக்கும் தங்கை கூடவே வந்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தாள்.

"அண்ணே. உள்ள சொன்னது நிஜமா?"

"நிஜம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் பொய் சொன்னால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இப்போது சொல்வது பொய்யில்லை என்பதும் தெரிந்தது.

"அவர்கிட்ட இனிமே இதைப் பேசாதே. நம்பினாருன்னா செத்துடுவாரு. நம்பலைன்னா உன்னைத் தெய்வம்னு சொல்லிக்கிட்டுத் திரிவாரு. ரெண்டையும் என்னால பார்க்க முடியாது."

"நான் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கறேன் பாப்பா."

"கொடு. எங்க வேணா கொடு." கதவில் கைவைத்தாள். "இங்க வராதே."

மறுநாளே எழுதினார். நாலு பக்கம். தொழிற்சாலை மேலாளர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பெரியவரே, முப்பது வருஷ சர்வீஸ். உங்க மாப்பிள்ளைக்காக நீங்க படற கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா இதை நான் வாங்க முடியாது." சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பழைய டின் என்று ஒன்று இருந்ததாகவே தனக்கு ஞாபகமில்லை என்றார் சூப்பர்வைசர். பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். வெளியே வந்ததும் தோளைத் தட்டி, "விடுங்க பிரேக், நம்ம எல்லாருக்கும் குடும்பம் இருக்கு" என்றார்.

மாப்பிள்ளைக்காக வாதாடிய வக்கீலிடம் போனார். அவர் இன்னும் நேராகக் கேட்டார். "வடிச்ச எண்ணெய் எங்க?"

"சாக்கடையில ஊத்திட்டேன்."

"டின்னு?"

"போட்டுட்டேன்."

"வண்டி?"

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு வெகுநாளாகியிருந்தது.

"சொந்தக்காரர் நீங்க. தீர்ப்பு வந்து, தண்டனையும் முடிஞ்சப்புறம் வந்து சொல்றீங்க. அறிக்கையில பிரேக் நல்லா இருந்ததுன்னு இருக்கு. அது நல்லா இருந்ததுக்குச் சாட்சி சொன்னதும் நீங்கதான். இதை வச்சு நான் எந்த வாசல்ல போய் நிக்கறது?"

அந்த எண்ணெயில் ஒரு பாட்டில் எடுத்துவைத்திருந்தால் போதும். கொதிக்க வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அதெல்லாம் தெரிந்தவர் என்பதால்தான் அன்று ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கடைசியாக லேபிள் ஒட்டுகிற அக்காவின் வீட்டுக்குப் போனார். அதுவரைக்கும் அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததில்லை. அவளுடைய கணவர் கதவைத் திறந்தார். உள்ளே ஒரே அறை. கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. யார் என்று சொன்னதும் அந்த மனிதர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உங்க மாப்பிள்ளை வந்துட்டுப் போனாரு. வெளிய வந்த அன்னைக்கே வந்தாரு. இங்கதான் உட்கார்ந்து அழுதாரு. என் கால் தவறிடுச்சு, என் கால் தவறிடுச்சுன்னு."

"அவர் கால் தவறல" என்றார் அவர். "அன்னைக்கு பிரேக்குல..."

"ஐயா." அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒருத்தரை மன்னிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இன்னொரு தடவை முதல்ல இருந்து என்னால முடியாது. தண்ணி குடிக்கறீங்களா?"

அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று பார்த்தார். மேலாளர் விடவில்லை. மாப்பிள்ளைக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளத் துணிந்தவர் என்று ஷெட்டில் அவருக்கு முன்பைவிட மரியாதை கூடியிருந்தது. இப்போது யாரும் அவர் நுழையும்போது கேலி பேசுவதில்லை. புதிதாக வருகிற மெக்கானிக்குகளுக்கு அவரைக் காட்டி மெல்லிய குரலில் ஏதோ சொல்வார்கள். அவர் மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும், நாலாம் நம்பருக்குப் பதிலாக வந்ததையும் சேர்த்து ஆறு வேன்களிலும் எண்ணெயை வடித்து மாற்றுகிறார். திறந்த டின்னில் மிச்சம் இருப்பதை அன்றைக்கே கொட்டிவிடுகிறார். வீணாக்குகிறார் என்று ஸ்டோரில் முனகுவார்கள். மனைவி அவரோடு பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள். தங்கை வீட்டுக்கு அவள் மட்டும் போய்வருகிறாள். அங்கே நடப்பதைக் கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டால் சொல்லமாட்டாள்.

இப்படிச் சில வருடங்கள் போயின. போன மாதம் கடைத்தெருவில் மாப்பிள்ளை எதிர்ப்பட்டான். முடி நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சாலையைக் கடந்து வந்து ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"என்ன மச்சான், வீட்டுப் பக்கமே வர்றதில்ல? உங்க தங்கச்சி என்னவோ கோவத்துல இருக்கா. கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறா. அதை விடுங்க. பொண்ணுக்கு உங்க தொழிற்சாலையிலயே வேலை கிடைச்சிருக்கு. பேக்கிங்ல. திங்கக்கிழமையில இருந்து வர்றா."

"எந்த வேன்?" என்றார் அவர்.

"அது தெரியல. உங்க தங்கச்சி வேண்டவே வேண்டாம்னு ஒரே அழுகை. வேற கம்பெனி பார்க்கலாம்னு. நான்தான் விடல." அவன் கையை விடாமல் அழுத்தினான். "அங்க பிரேக் பார்க்கறது எங்க மச்சான், எனக்கு அந்தக் கவலையே இல்லன்னு சொல்லிட்டேன்."

பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை அவரை ஓரமாக இழுத்து நிறுத்திவிட்டு, நேரமாகிறது என்று கிடங்கை நோக்கி நடந்தான். அவர் பஸ் போன பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து, "உடம்புக்கு முடியலையா பெரியவரே, உட்காருங்க" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார்.